அட்டையின் பின்பக்கம்

கொலாஜ் என்னும் ஒட்டுப்படக் கலை 1912-இல் பிறந்தது என்று கலை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்த ஆண்டு மே மாதம் பிக்காஸோ ஓர் ஓவியத்தில், பிரம்பு நாற்காலியின் பின்னலை அச்சிட்ட மெழுகுத்துணித் துண்டை ஒட்டினார். சட்டத்துக்குப் பதிலாகக் கயிற்றைச் சுற்றினார். செப்டம்பரில் அவருடைய நண்பர் பிராக், அவிஞோன் நகரக் கடையொன்றில் மரவரி போட்ட சுவர்த்தாளைப் பார்த்து வாங்கிவந்து, வெட்டி, தன் கரிக்கோட்டுப் படத்தில் ஒட்டினார். இருவரின் படங்களையும் விற்றுவந்தவர் கான்வைலர் என்ற ஒரே வணிகர். தேதி, பெயர், விற்பனைப் பதிவு எல்லாம் ஓரிடத்தில் கிடைத்தால் வரலாறு எழுதுபவருக்கு வேறென்ன வேண்டும்? (வேடிக்கை என்னவென்றால், அந்த நாற்காலிப் பின்னல் படத்தை பிக்காஸோ கடைசிவரை கைவிடவில்லை. அவர் இறந்த பிறகுதான் அது அரசிடம் போய்ச் சேர்ந்தது. இப்போது பாரிஸில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.)

அதற்கு முன்பு யாரும் தாளை வெட்டி ஒட்டவில்லையா? ஜப்பானில் 1112 வாக்கில் 36 கவிஞர்களின் பாடல்களைத் தொகுத்தபோது, நிறத்தாள்களைக் கிழித்தும் வெட்டியும் விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டி, அந்த ஏடுகளின் மேல்தான் பாடல்களை எழுதினார்கள். கியோட்டோவின் நிஷி ஹொங்கான்ஜி கோயிலுக்குரிய செல்வம் அது. 2019-இல் எடின்பரோவில் நடந்த கொலாஜ் கண்காட்சி, தலைப்பிலேயே 400 ஆண்டு வரலாறு என்று போட்டுக்கொண்டது. ஆக, 1912 என்ற தேதி ஆட்டம் கண்டு சில காலம் ஆகிறது. ஆனால் அந்தத் தேதி ஏன் இத்தனை நாள் நிலைத்தது என்ற கேள்வியை யாரும் போதிய அளவு துருவவில்லை என்பது என் எண்ணம்.

ஒட்டுப்படங்களில் பெரும்பகுதி சந்தைக்கு வராமலே கைமாறியது. மடியில் விரித்துப் பார்க்கும் ஆல்பமாக, உறையிலிட்ட கடிதமாக, சட்டைப்பையில் அடங்கும் அட்டையாக ஒருவர் செய்து இன்னொருவரிடம் தந்தது. விலை இல்லாததால் அதற்கு வரலாறும் இல்லாமல் போனது. அந்த வரலாற்றைத் தேடுபவர் படத்தின் முன்பக்கத்தோடு நின்றுவிட முடியாது. யார் செய்தது, யாருக்காக, எந்த ஊரில், எந்த நாளில் என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கும்.

இதற்கு முதல் சாட்சி மேரி டிலேனி. 1700-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். பதினேழு வயதில், அறுபதை நெருங்கிய ஒருவருக்கு வீட்டார் கட்டிவைத்தார்கள். இருபத்தைந்து வயதுக்குள் கணவரை இழந்தார். நெடுநாள் தனித்திருந்து 1743-இல் டப்ளினைச் சேர்ந்த பாதிரியார் பாட்ரிக் டிலேனியைத் தன் விருப்பப்படி மணந்தார். அவரும் 1768-இல் காலமானார். அதன் பிறகு தோழியான போர்ட்லண்ட் சீமாட்டியின் புல்ஸ்ட்ரோட் மாளிகையில் ஆண்டின் கணிசமான பகுதியைக் கழித்துவந்தார். 1772-இல், 72 வயதில், மேசையில் கிடந்த சீனத்துச் சிவப்புத் தாளின் நிறமும் பக்கத்திலிருந்த ஜெரேனியப் பூவின் நிறமும் ஒன்றாக இருப்பதைக் கண்டு, கத்தரியை எடுத்து இதழ் இதழாக வெட்டி ஒட்டினார். உள்ளே வந்த சீமாட்டி, பூவைப் பிய்த்துப் போட்டு என்ன செய்கிறாய் என்று கேட்டாராம். தாளை உண்மையான இதழ் என்று அவர் நினைத்துவிட்டார்.

அடுத்த பத்து ஆண்டுகளில் டிலேனி 985 பூக்களை இப்படிச் செய்தார். சராசரியாக வாரத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் கருமை பூசிய தாள்தான் பின்புலம். செடியை எதிரே வைத்துக்கொண்டு இதழ், காம்பு, நரம்பு, மகரந்தத் தாள் என்று தனித்தனியே வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டுவார். ஒரு பேஷன் பூவில் மட்டும் 230-க்கும் குறையாத துண்டுகள் இருக்கின்றன. நிழல் வேண்டிய இடத்தில் அதே நிறத்தில் ஒரு சாயல் குறைந்த தாள் அடியில் வரும். தூரிகையை மிகச் சிக்கனமாகத்தான் தொடுவார். சில தாள்களுக்குத் தானே சாயமேற்றினார். சுவர்த்தாள் அச்சிடுவோரிடம் சாயம் ஓடிப்போய்க் கழித்துக் கட்டிய தாள்களையும் வாங்கினார். ஓடிப்போன சாயத்தில்தான் இலையின் பழுப்பும் இதழ் ஓரத்தின் வெளிறலும் கிடைத்தன. சில படங்களில் தாளோடு தாளாக உண்மையான இலை ஒன்றும் ஒட்டியிருக்கும். ஃபிசாலிஸ் செடியின் படத்தில், காயை மூடியிருக்கும் பையின் உலர்ந்த நரம்புக்கூட்டை அப்படியே வைத்திருக்கிறார். இன்று மிக்ஸட் மீடியா என்று வகுப்பெடுக்கிறார்களே, அதற்கு இதைவிட நல்ல பாடம் தேட வேண்டியதில்லை.

இந்தப் படங்களின் பின்பக்கத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது: லின்னேயஸ் முறைப்படி தாவரத்தின் பெயர், வழக்குப் பெயர், செய்த நாள், இடம், செடியைத் தந்தவர் யார். அரச குடும்பம், கியூ தோட்டம், அண்டை வீட்டுச் சீமாட்டிகள் என்று அந்தப் பெயர்கள் நீளும். உலகின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் கப்பலில் செடிகள் இங்கிலாந்துக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. எந்தச் செடி யாருடைய கண்ணாடி வீட்டில் எந்த ஆண்டு பூத்தது என்பதற்கு இந்தக் குறிப்புகள் சான்று. ஒரு தாவரத்தை நம்பி விவரிக்கத் தக்க படங்கள் இவைதான் என்று தாவரவியலாளர் ஜோசஃப் பேங்க்ஸே சொன்னதாகக் குறிப்பு உண்டு. ஆயிரம் பூவை எட்ட வேண்டும் என்பது டிலேனியின் ஆசை. 1782-இல் கண்பார்வை மங்கியதால் பதினைந்து குறைய நிறுத்திக்கொண்டார். ஒன்றைக்கூட விற்கவில்லை. தங்கை வழியில் வந்த லானோவர் சீமாட்டியின் உயில்படி 1897-இல் பத்துத் தொகுதிகளும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. வந்த பிறகும் நெடுநாள் வயதான பெண்மணியின் பொழுதுபோக்கு என்றே பேசப்பட்டன.

டிலேனிக்கு நிறத்தாள் கிடைத்தது போல, அடுத்த நூற்றாண்டுப் பெண்களுக்குப் புகைப்படம் கிடைத்தது. 1854-இல் பாரிஸ் புகைப்படக்காரர் டிஸ்டேரி, ஒரே கண்ணாடித் தகட்டில் பல படம் எடுத்து வெட்டித் தரும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். விசிட்டிங் கார்டு அளவில் அட்டையில் ஒட்டிய அந்தச் சிறு படங்கள் 1860-களில் ஐரோப்பாவையே ஆட்டிவைத்தன. விக்டோரியா ராணியின் குடும்பப் படங்கள் கடையில் விற்றன. வீட்டுக்கு வருபவர் தன் படத்தைத் தந்துவிட்டுப் போவார். அதைச் செருகி வைக்க ஆல்பம் வந்தது. அட்டையின் அகலம் 64 மில்லிமீட்டர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. பின்னால் இன்னொரு இடத்தில் எதிர்ப்படும்.

செருகி வைப்பதோடு எல்லாரும் நிற்கவில்லை. மேல்தட்டுப் பெண்கள் சிலர் படத்திலிருந்து தலையை மட்டும் கத்தரித்து, நீர்வண்ணத்தில் வரைந்த உடல்களின் மேல் ஒட்டினார்கள். கேட் கஃப் என்பவரின் ஆல்பத்தில் குளத்து வாத்துகளுக்குக் குடும்பத்தாரின் தலை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் அது இருக்கிறது. ஜார்ஜினா பெர்க்லியின் ஆல்பம் பாரிஸின் ஆர்சே அருங்காட்சியகத்தில். ஃபில்மர் சீமாட்டி தன் வரவேற்பறையையே ஒரு பக்கமாக அமைத்தார். சுற்றிலும் விருந்தினர், நடுவே மேசையில் ஆல்பங்களும் பசைக்குடுவையும் கத்தியும், பக்கத்தில் நிற்பது அவரே. ஒரு புறம் வேல்ஸ் இளவரசர் உட்கார்ந்திருக்கிறார். யாரை எங்கே உட்கார வைப்பது, யாரை எவ்வளவு பெரிதாக ஒட்டுவது என்பதெல்லாம் அன்றைய சமூகத்தில் சாதாரண விஷயமா? கத்தரியும் பசையும் வைத்திருப்பவர்தான் அந்த அறையின் எஜமானி என்று படம் வெளிப்படையாகவே சொல்கிறது.

இவற்றை ஒரு கலைவகை என்று ஏற்று, எலிசபெத் சீகல் பொறுப்பில் சிகாகோ கலை நிறுவனம் கண்காட்சி வைத்தது 2009-இல். பிக்காஸோவுக்கு நாற்பது ஐம்பது ஆண்டு முந்திய படைப்புகளுக்கு இந்த மரியாதை கிடைக்க ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. ஒன்றைக் கவனிக்கலாம். அந்தப் புகைப்பட அட்டைகளின் பின்பக்கத்தில் ஸ்டுடியோவின் பெயரும் முகவரியும் அலங்காரமாக அச்சாகியிருக்கும். தலையைக் கத்தரித்து ஒட்டியதும் அது போய்விட்டது. யாருடைய முகம் என்று ஆல்பத்தின் சொந்தக்காரி எழுதி வைக்காவிட்டால் இன்று அடையாளம் காண வழியில்லை.

நம் வீடுகளில் இதற்கு உறவான ஒரு பழக்கம் இருந்தது. வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து பைண்டு பண்ணுவது. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ ஓவியர் மணியத்தின் சித்திரங்களோடு இப்படித்தான் எத்தனையோ குடும்பங்களில் பாதுகாக்கப்பட்டது. கதையைப் பிற்பாடு அச்சுப் புத்தகமாக வாங்கிக்கொள்ளலாம். பக்கத்து விளம்பரமும் துணுக்கும், முதல் தாளில் பாட்டி எழுதிய பெயரும், இரவல் வாங்கியவர் பட்டியலும் அந்த ஒரு பிரதியில் மட்டும்தான்.

ஓவியத்தில் புகைப்படத் தலை ஒட்டும் வழக்கம் இந்தியாவிலும் தானாக வளர்ந்திருக்கிறது. ராஜஸ்தானின் நாத்துவாராவில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்ரீநாத்ஜி படத்தின் இருபுறமும் யாத்திரைக் குடும்பத்தை வரைவார்கள். உடல் ஓவியம், முகம் புகைப்படம். செட்டிநாட்டு வீடுகளில் ரவிவர்மா அச்சுப் படங்களின் தெய்வங்களுக்குப் பட்டுத்துணி, ஜரிகை, ஜிகினா, மணி வைத்து ஆடை கட்டினார்கள். ஒரே கல்லில் அச்சான ஆயிரம் லட்சுமியில் இது எங்கள் வீட்டு லட்சுமி என்று ஆக்கிக்கொள்ள அந்த ஒட்டுவேலை போதுமானதாக இருந்தது. அதைச் செய்த கைகள் யாருடையவை என்று எந்தப் பதிவும் இல்லை. பழம்பொருள் கடைக்கு வந்த பிறகு விலை மட்டும் இருக்கிறது.

ஜெர்மன் கலைஞர் ஹன்னா ஹோக்கின் கதை, வீட்டு ஒட்டுவேலை, கண்காட்சிக் கலை என்ற இரண்டு உலகங்களுக்கும் நடுவே நிற்கிறது. 1916 முதல் பத்தாண்டுகள் பெர்லினின் உல்ஷ்டைன் பதிப்பகத்தில் கைவேலைப் பிரிவில் எம்ப்ராய்டரிக்கும் லேஸுக்கும் மாதிரிகள் வரைந்தார். பெண்கள் பத்திரிகைக் குவியலுக்கு நடுவே வேலை. 1918-இல் பால்டிக் கடலோர ஊரொன்றுக்குச் சக கலைஞர் ரவுல் ஹவுஸ்மனோடு விடுமுறைக்குப் போனபோது, அங்கே வீடுகளில் பட்டாள ஞாபகார்த்தப் படங்கள் மாட்டியிருப்பதைப் பார்த்தார்கள். சீருடை உடல் அச்சு. முகம் மட்டும் வீட்டுப் பிள்ளையின் புகைப்படம். புகைப்படத் துண்டுகளை ஒட்டிப் படமாக்கும் போட்டோமாண்டேஜ் யோசனை அங்கிருந்துதான் வந்தது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். புரட்சிக் கலை என்று பேரெடுத்த ஒன்றின் வேர் ஒரு மீனவர் வீட்டுச் சுவரில் இருந்தது என்பதைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துபோகின்றன.

1920-இல் பெர்லினில் டாடா என்னும் கலகக் கலைக் குழு நடத்திய கண்காட்சியில் ஹோக்கின் பெரிய ஒட்டுப்படம் இடம்பெற்றது. சமையலறைக் கத்தியைத் தலைப்பிலேயே கொண்ட அந்தப் படம் ஒரு மீட்டருக்கு மேல் உயரம். அரசியல்வாதிகள், நடனக்காரிகள், பல்சக்கரங்கள் எல்லாம் கலந்து கிடக்கும். அவரைச் சேர்க்கக் கூடாது என்று குழுவிலிருந்த குரோஸும் ஹார்ட்ஃபீல்டும் எதிர்த்தார்கள். அவர் இல்லையென்றால் தானும் இல்லை என்று ஹவுஸ்மன் சொன்ன பிறகுதான் இடம் கிடைத்தது. சமத்துவம் பேசிய குழு அது! நாஜிக் காலத்தில் நண்பர்களின் டாடா ஆவணங்களையெல்லாம் பெர்லின் ஓரத்திலிருந்த தன் சிறு வீட்டில் ஒளித்துக் காத்தவரும் அவரே.

அதே காலத்தில் ஹனோவரில் குர்ட் ஷ்விட்டர்ஸ் டிராம் டிக்கெட், மிட்டாய்த் தாள், உறைக் கிழிசல் எல்லாம் பொறுக்கி ஒட்டினார். அவர் படத்தில் ஒரு டிக்கெட்டைப் பார்த்தால் அந்த ஊரில் அன்று யாரோ எங்கோ போயிருக்கிறார்கள் என்பது உறுதி. இன்று ஸ்டேஷனரிக் கடைகளிலும் இணையத்திலும் ‘விண்டேஜ்’ பொட்டலம் விற்கிறார்கள்: காப்பிக் கறை அச்சிட்ட புதுத் தாள், யாரும் ஏறாத பாரிஸ் ரயிலுக்கு டிக்கெட், யாரும் எழுதாத கடிதத்தின் கையெழுத்து. அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. வேலையைச் சுலபமாக்கி விற்பது ஒன்றும் புதிதில்லை. பக்கத்தில் முன்கூட்டியே பசை தடவி, ஈரப்படுத்தினால் போதும் என்ற ஸ்கிராப் புத்தகத்துக்கு மார்க் ட்வெய்ன் 1873-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அவர் விற்றது பசையை. ஒட்ட வேண்டியதை வாசகர்தான் தேடிக்கொண்டார். இப்போது நினைவையும் சேர்த்து விற்கிறார்கள். நம் பேருந்துகளில் கட்டணத்துக்கொரு நிறமாகக் கிழித்துத் தந்த மெல்லிய டிக்கெட்டுகள் போய், மெஷினில் வரும் சீட்டு வந்துவிட்டது. அது வெப்பத்தில் எழுத்து எழும் தாள். சில மாதங்களில் வெளுத்துப்போகும். ஒட்ட நினைப்பவர் நகலெடுத்து ஒட்டுவதுதான் வழி.

ரே ஜான்சனிடம் வந்தால் கைமாறுவதே கலையாகிவிடுகிறது. 1927-இல் டெட்ராய்ட்டில் பிறந்து, பிளாக் மவுண்டன் கல்லூரியில் படித்து, நியூயார்க்கில் வாழ்ந்தவர். ஐம்பதுகளிலிருந்தே வெட்டுத்தாள், வரைபடம், முத்திரை எல்லாம் உறையிலிட்டுத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அனுப்பினார். இதில் ஏதாவது சேர்த்து இன்னாருக்கு அனுப்பு என்று குறிப்பும் இருக்கும். ஒரு தாள் பத்துக் கை மாறினால் அது யாருடைய படைப்பு? 1962-இல் எட் பிளங்கெட் என்ற நண்பர் இந்தத் தொடர்புவலைக்கு நியூயார்க் கரெஸ்பாண்டன்ஸ் ஸ்கூல் என்று பெயர் சூட்டினார்; கட்டடமும் கிடையாது, கட்டணமும் கிடையாது. 1970-இல் விட்னி மியூசியம் இதற்குக் கண்காட்சி வைத்தபோது, சுவரில் ஏறியவை நண்பர்கள் தபாலில் அனுப்பியவை. பணம் கொடுத்து வாங்க வந்தவர்களை ஜான்சன் படாதபாடு படுத்துவார். கால்பங்கு விலை குறைத்துக் கேட்டவருக்குப் படத்தில் கால்பங்கை வெட்டி எடுத்துவிட்டுத் தந்தார் என்று ஒரு கதை அவரைப் பற்றி உலவுகிறது.

நம் பக்கத்திலும் தபாலில் படம் அனுப்பிய பெரியவர் ஒருவர் உண்டு. சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் அஞ்சலட்டையில் மை தொட்டு வரைந்து அனுப்புவார்: ஒரு மரம், ஓர் ஆடு, சந்தைக்குப் போகும் சந்தால் பெண். ஒரு பக்கம் படம், மறுபக்கம் முகவரியும் அஞ்சல் முத்திரையும். அவருடைய மாணவர் வினோத் பிஹாரி முகர்ஜி 1957 வாக்கில் பார்வையை முற்றிலும் இழந்த பிறகு, நிறத்தாளைத் தொட்டுணர்ந்து வெட்டி ஒட்டுப்படங்கள் செய்தார். கண் மங்கியதும் டிலேனி கைவிட்ட வேலையை இவர் கண் போன பிறகு தொடங்கியிருக்கிறார். சத்யஜித் ராய் 1972-இல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தைத் தேடிப் பார்க்கலாம்.

1997-இல் சூரிக் நகரில் எம். வென்ச்சி ஸ்டிர்னமன் என்ற கலைஞர், தான் கையால் செய்த 1200 சிறு அட்டைகளைத் தன் பழைய புத்தகக் கடையில் காட்சிக்கு வைத்தார். அளவு இரண்டரை அங்குலம் அகலம், மூன்றரை அங்குலம் உயரம். அதாவது 64-க்கு 89 மில்லிமீட்டர். சீட்டாட்ட அட்டையின் அளவு. 1957-இல் அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் பேஸ்பால் அட்டைகளுக்கு நிலைப்படுத்திய அளவும் இதுதான். பையன்கள் விளையாட்டு வீரர் அட்டைகளை மாற்றிக்கொள்வதைப் போலக் கலைஞர்கள் தங்கள் அட்டைகளை மாற்றிக்கொண்டால் என்ன என்பது அவர் யோசனை. ஓர் அட்டை வேண்டுமென்றால் நீயே ஓர் அட்டை செய்துகொண்டு வா என்றார். கண்காட்சியின் முடிவில் வந்தவர்கள் தாங்கள் செய்த அட்டைகளோடு வந்து மாற்றிக்கொண்டார்கள். அதே ஆண்டு டான் மேபி என்ற கலைஞர் வழியாக வழக்கம் கனடாவின் கல்கரிக்குப் போனது. பிறகு உலகெங்கும் பரவியது. ஆர்ட்டிஸ்ட் டிரேடிங் கார்டு என்று இன்று இதைச் சொல்கிறார்கள். புகைப்பட ஆல்ப அட்டையின் அகலமும் இதே 64 மில்லிமீட்டர்தான். அதைப் பார்த்து இதைச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளங்கையில் அடங்குவதும் பையில் போவதும் இரண்டுக்குமே தேவைப்பட்டன.

அட்டைக்கு விதிகள் சில. அளவு மாறக் கூடாது. பின்பக்கத்தில் செய்தவர் பெயர், தேதி, தலைப்பு, தொடரானால் எத்தனையில் எத்தனையாவது என்று எழுத வேண்டும். விற்கக் கூடாது. கடைசி விதியைத்தான் முதலில் மீறினார்கள். சில ஆண்டுகளில் அதே அளவு அட்டைகள் வேறு பெயரில் ஈபேயில் ஏலத்துக்கு வந்தன. விற்பது பாவம் என்று யாரும் சொல்லவில்லை. பாடுபட்டவருக்குப் பணம் வரட்டும். ஆனால் மாற்றிக்கொள்ளும் அட்டை, செய்யத் தெரியாதவரையும் செய்ய வைக்கிறது. பத்து வயதுச் சிறுமியின் அட்டைக்கும் பெயர்பெற்ற ஓவியரின் அட்டைக்கும் அந்த மேசையில் ஒரே மதிப்பு: ஒன்றுக்கு ஒன்று. விலை வைத்த அன்றே அது குலைந்துவிடும்.

செய்முறையில் பெரிய ரகசியம் இல்லை. கல்யாணப் பத்திரிகை அட்டை அடித்தளத்துக்குத் தாராளமாகப் போதும். கனமாக, வழுவழுப்பாக இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். அடிக்கடி வரும் தொல்லை, காய்ந்ததும் அட்டை கிண்ணமாக வளைவது. பசையின் ஈரத்தில் தாள், இழை ஓடும் திசைக்குக் குறுக்கே விரிகிறது. காயும்போது சுருங்கி அட்டையை இழுக்கிறது. பசை தடவியதும் ஒட்டாமல், தாள் ஈரத்தைக் குடித்து விரிய ஓரிரு நிமிடம் விட வேண்டும். பிறகு ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் ஒத்தி, கனமான புத்தகங்களுக்கு அடியில் இரவு முழுக்க வைக்கலாம். அப்படியும் வளைந்தால் பைண்டிங் கடைக்காரர்கள் செய்வதைச் செய்ய வேண்டியதுதான்: பின்பக்கமும் ஒரு வெற்றுத் தாளை ஒட்டுவது. இரு பக்க இழுப்பும் சமமாகி அட்டை நிமிரும். பெயரும் தேதியும் எழுத இடமும் கிடைக்கும். மைதாப் பசை காய்ச்சுபவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். அது விஷம், குழந்தைகள் கைபடும் வேலைக்கு வேண்டாம், சாதாரண ஃபெவிகாலே போதும். பத்திரிகைப் படங்களின் நிறம் நிலைக்காது. வெயில் படும் சுவரொட்டிகளில் மஞ்சளும் சிவப்பும் முதலில் போய் நீலம் மட்டும் மிஞ்சுவதைத் தெருவில் தினமும் பார்க்கிறோம். செய்தித்தாள் அதைவிட மோசம். அதிலுள்ள மரக்கூழ் லிக்னின் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகி நொறுங்கும்.

என் வாதத்துக்குள் அடங்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆர்ட் ஜர்னல் என்னும் படக் குறிப்பேடு யாருக்கும் கொடுப்பதற்காகச் செய்வதில்லை. நைரோபியில் வளர்ந்த டான் எல்டன் பள்ளி வயதிலிருந்தே புகைப்படம், டிக்கெட், மணல், மை, நாணயத்தாள் எல்லாம் ஒட்டிக் குறிப்பேடுகளை நிரப்பிவந்தார். ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரராக சோமாலியாவுக்குப் போனவர், 1993 ஜூலை 12 அன்று மொகடிஷுவில் ஆத்திரத்திலிருந்த கூட்டத்தின் கையில் சக பத்திரிகையாளர்கள் மூவரோடு உயிரிழந்தார். வயது 22. விட்டுச்சென்றவை 17 குறிப்பேடுகள். 1997-இல் தாயார் அவற்றிலிருந்து தொகுத்து வெளியிட்ட நூல், இன்று ஆர்ட் ஜர்னல் செய்யும் ஒரு தலைமுறைக்கே வழிகாட்டி. பிறர் பார்ப்பார்கள் என்று அவர் அந்தப் பக்கங்களைச் செய்திருந்தால் அவை இப்படி இருந்திருக்காது என்றே தோன்றுகிறது. இப்போதோ இணையத்தில் காட்டுவதற்காகவே ஜர்னல் பக்கம் செய்கிறார்கள். எழுத்தெல்லாம் அலங்காரம், வாசித்தால் ஒரு வரிகூடச் சொந்தமில்லை.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் பழைய ஆல்பமோ, பைண்டு பண்ணிய தொடர்கதையோ, ஜிகினா ஒட்டிய பொங்கல் வாழ்த்தோ பரணில் இருக்கக்கூடும். பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். அழகுபடுத்துவதாக நினைத்துப் பிரித்து, பிளாஸ்டிக் ஒட்டும் ஆல்பத்துக்கு மாற்றாதீர்கள். அந்தப் பசை படத்தை விடாது. கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டாம். சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளில் கறையாக இறங்கும். லேமினேட் செய்தால் மீட்கவே முடியாது. விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் செய்தவர் பெயர், ஊர், ஆண்டு, யாருக்குத் தந்தது என்று எழுதி வையுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறிவிடும். 2பி பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள்.